பக்கத்து நாடுகளோட கரண்டைப் பகிர்ந்துகிட்டா லாபம் யாருக்கு? ஒரு சின்ன கணக்கு, ஒரு பெரிய பாடம்



"நம்ம ஊர்லயே கோடையில பவர் கட் ஆகுது. இதுல பங்களாதேஷுக்கு எதுக்கு சார் கரண்ட் விக்கணும்?" மின்துறை பங்குகளைப் பத்தி எப்போ பேசினாலும் இந்தக் கேள்வி வந்துடும். நியாயமான கேள்விதான். "நாட்டுக்கு லாபம்"னு ஒரே வரியில பதில் சொல்றவரும், "நாட்டுக்கு நஷ்டம்"னு சொல்றவரும் பாதிக் கணக்கைத்தான் காட்டுறாங்க.

ஒரு சிஏவுக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான். யார் கணக்குல வரவு, யார் கணக்குல பற்றுன்னு தனித்தனியா எழுதிப் பார்க்கணும். இன்னைக்கு அதைத்தான் செய்யப்போறோம். முதல்ல ஒரு உதாரணக் கணக்கு. அப்புறம் இந்த மாதிரிப் பொதுச் சந்தையை முப்பது வருஷமா நடத்திக்கிட்டு இருக்கிற நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் அனுபவம். அதுக்கப்புறம் இந்தியா, நேபாளம், பூட்டான், பங்களாதேஷ். கடைசியில, மாசச் சம்பளம் வாங்குற உங்களுக்கு இதுல என்ன இருக்குன்னு பார்க்கலாம்.

மின்சந்தையில விலை எப்படி முடிவாகுது?

கரண்டை அரிசி மாதிரி மூட்டை கட்டி குடோன்ல அடுக்க முடியாது. பேட்டரி வந்துட்டாலும், பெரும்பகுதி இன்னமும் தேவைப்படுற அந்த நொடியிலதான் உற்பத்தி ஆகணும். அதனால முந்தின நாளே ஏலம் நடக்கும். நாளைக்கு எந்த நேரத்துல எவ்வளவு யூனிட், என்ன விலைக்குத் தருவோம்னு ஒவ்வொரு மின் நிலையமும் சொல்லும். மலிவான விலை சொன்னவங்ககிட்ட இருந்து வரிசையா எடுத்துக்கிட்டே வருவாங்க. எந்த நிலையத்தோட தேவை முழுசாப் பூர்த்தியாகுதோ, அந்தக் கடைசி நிலையத்தோட விலைதான் எல்லாருக்கும் விலை. ₹2 கேட்டவருக்கும் அதே விலை கிடைக்கும்.

"₹2 கேட்டவருக்கு ₹2 குடுத்தா போதாதா?" அப்படிக் குடுத்தா அடுத்த நாள் யாரும் உண்மையான செலவைச் சொல்ல மாட்டாங்க. கடைசி விலை என்னவா இருக்கும்னு யூகிச்சு, எல்லாரும் அதையே கேப்பாங்க. உண்மைச் செலவைச் சொல்ல வைக்கத்தான் இந்த முறை. இதை மனசுல வச்சுக்கோங்க, கீழே வர்ற கணக்கு முழுக்க இதை நம்பித்தான் நிக்குது.

இரண்டு நாடுகள், ஒரு கம்பி

இது என்னோட உதாரணம். ஒரு மணி நேரத்துக்கான கணக்கு, எண்கள் எல்லாம் சுலபத்துக்காக.

மலைநாட்டுல நிறைய ஆறு இருக்கு. யூனிட் ₹2 செலவுல 80 யூனிட் தரலாம், அதுக்கு மேல ₹4 செலவுல இன்னொரு 60 யூனிட். உள்ளூர் தேவை 60 யூனிட்தான். அதனால அங்க விலை ₹2.

சமவெளி நாட்டுல நிலக்கரி நிலையம் ₹5 செலவுல 60 யூனிட் தரும், கேஸ் நிலையம் ₹9 செலவுல 60 யூனிட் தரும். தேவை 100 யூனிட். நிலக்கரி மட்டும் போதாது, கேஸ் நிலையத்தையும் ஓட்டணும். அதனால விலை ₹9.

இப்போ நடுவுல பெரிய லைன் ஒண்ணு போட்டு, ஏலத்தை ஒண்ணாக்குறோம். மொத்தத் தேவை 160 யூனிட். ₹2-ல 80, ₹4-ல 60, மீதி 20 யூனிட் ₹5 நிலக்கரி. கேஸ் நிலையத்தை ஓட்டவே வேண்டாம். ரெண்டு நாட்டுலயும் விலை ₹5.

உற்பத்திச் செலவு: முன்னாடி ரெண்டு நாட்டுக்கும் சேர்த்து ₹780. இப்போ ₹500. ஒரே மணி நேரத்துல ₹280 மிச்சம். இதைத்தான் அரசியல்வாதிகளும் கம்பெனி அறிக்கைகளும் "எல்லாருக்கும் லாபம்"னு சொல்றாங்க. ஆனா அந்த ₹280 யார் பாக்கெட்டுக்குப் போச்சு? பிரிச்சு எழுதுவோம்.

- சமவெளி மக்கள்: கரண்ட் பில் ₹900-லிருந்து ₹500 ஆச்சு. ₹400 லாபம்.
- சமவெளி மின் நிலையங்கள்: முன்னாடி ₹240 லாபம் பார்த்தாங்க, இப்போ பூஜ்யம். ₹240 நஷ்டம்.
- மலைநாட்டு மின் நிலையங்கள்: முன்னாடி பூஜ்யம், இப்போ ₹300 லாபம்.
- மலைநாட்டு மக்கள்: கரண்ட் பில் ₹120-லிருந்து ₹300 ஆச்சு. ₹180 நஷ்டம்.

கூட்டிக் கழிச்சா அதே ₹280. கணக்கு டேலி ஆகுது. ரெண்டு நாட்டுக்கும் தனித்தனியாப் பார்த்தாலும் லாபம்தான்: சமவெளிக்கு ₹160, மலைநாட்டுக்கு ₹120. ஆனா மலைநாட்டுல வாடகை வீட்டுல குடியிருக்கிற ஒரு சம்பளக்காரர்கிட்ட போய் "உங்க நாட்டுக்கு ₹120 லாபம் சார்"னு சொல்லிப் பாருங்க. அவருக்கு வந்தது ரெண்டரை மடங்கு பில் மட்டும்தான்.

பாடத்தோட மையம் இதுதான். பொதுச் சந்தை மொத்தச் செலவைக் குறைக்கும். அதே சமயம், பணத்தை ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு மாத்தும். லாபம் பார்த்த மலைநாட்டு மின் நிலையம் யாருக்குச் சொந்தம்ங்கிறதுதான் முக்கியமான கேள்வி. அது அரசோடதுன்னா, கூடுதலா வந்த ₹300-ல மக்களுக்கு ₹180 திருப்பிக் குடுத்துட்டு ₹120 மிச்சம் வைக்கலாம். தனியாரோடதுன்னா, வரி போட்டுத்தான் வாங்கணும். ரெண்டுமே செய்யலைன்னா, அடுத்த தேர்தல்ல அந்த லைனை வெட்டச் சொல்லிக் கோஷம் வரும்.

கம்பி சின்னதா இருந்தா?

மேல சொன்ன கணக்குல லைன் வழியா 80 யூனிட் போச்சு. லைனோட அளவே 30 யூனிட்தான்னு வச்சுக்கோங்க. அப்போ மலைநாட்டுல 90 யூனிட் உற்பத்தி, விலை ₹4. சமவெளியில இன்னும் 10 யூனிட்டுக்கு கேஸ் நிலையத்தை ஓட்டணும், அதனால விலை ₹9-லயே நிக்கும். ₹4-க்கு வாங்கி ₹9-க்கு விக்கிற அந்த 30 யூனிட்ல ₹150 வித்தியாசம் லைன் வச்சிருக்கிறவருக்குப் போகும். இதுக்கு நெரிசல் வருமானம்னு பேர்.

டோல் கேட் மாதிரி நல்ல பிசினஸ்தான். ஆனா ஆபத்தும் இருக்கு. லைனைப் பெரிசாக்கினா இந்த வருமானமே மறைஞ்சுடும், அப்புறம் அவர் எதுக்குப் பெரிசாக்குவார்? அதனாலதான் ஐரோப்பாவுல இந்தப் பணத்தை எல்லை தாண்டுற லைன்களோட திறனைக் காக்கவும் கூட்டவும் முதல்ல செலவு பண்ணணும்னு சட்டமே இருக்கு.

நார்டிக் நாடுகள்: நிஜத்துல நடந்த மலைநாட்டுக் கதை

நார்வேயில கரண்ட்ல பெரும்பங்கு தண்ணியிலிருந்து வருது. ஸ்வீடன்ல நீர்மின்சாரமும் அணுமின்சாரமும். டென்மார்க்ல அப்போ நிலக்கரி, இப்போ காத்தாலை. மழை நல்லா பெய்யுற வருஷம் நார்வேகிட்ட மிச்சம் இருக்கும், பொய்க்கிற வருஷம் மத்தவங்க குடுக்கலாம். 1963-லயே நார்டெல்ங்கிற அமைப்பு வழியா இந்த நாடுகளோட மின்துறைகள் ஒத்துழைக்க ஆரம்பிச்சாங்க. ஆனா அது பக்கத்து வீட்டுல சர்க்கரை கடன் வாங்குற மாதிரியான ஏற்பாடு. சந்தைன்னு சொல்ல முடியாது.

நார்வேயோட புதிய மின்சாரச் சட்டம் 1991-ல நடைமுறைக்கு வந்து, உற்பத்தியில போட்டியைத் திறந்துவிட்டது. 1996-ல ஸ்வீடன் சேர்ந்து, நார்ட் பூல்ங்கிற பேர்ல ரெண்டு நாட்டுக்கும் ஒரே மின் பரிமாற்றச் சந்தை உருவாச்சு. பல நாடுகளுக்குப் பொதுவான முதல் மின்சந்தை உலகத்துல இதுதான். 1998-ல பின்லாந்து, 1999-2000-ல டென்மார்க், 2010-லிருந்து எஸ்டோனியா, லிதுவேனியா, லாட்வியா வந்து சேர்ந்தாங்க.

வரிசையைக் கவனிங்க. முதல்ல கம்பி, அப்புறம் ஒவ்வொரு நாட்டுக்குள்ளயும் உற்பத்தியையும் லைனையும் தனித்தனி நிறுவனமாப் பிரிச்சது, அதுக்கப்புறம் பொதுவான விதிகள், கடைசியில பொதுச் சந்தை. ஒவ்வொரு நாட்டோட லைனும் தனி நிறுவனத்துக்கிட்ட இருக்கு. நார்வேயில ஸ்டாட்நெட், பின்லாந்துல ஃபின்கிரிட். லைன் வச்சிருக்கிறவரே கரண்டும் வித்தா, போட்டியாளரோட கரண்டுக்கு வழி விடுவாரா? அந்தச் சந்தேகத்தை முதல்லயே ஒழிச்சுட்டாங்க.

2002 கடைசியில மழை குறைஞ்சு நார்வே, ஸ்வீடன் அணைகள் வறண்டுச்சு. விலை கடுமையா ஏறுச்சு. ஆனா ரேஷன் போட வேண்டிய நிலைமை வரலை. விலை ஏறினதும் மக்கள் உபயோகத்தைக் குறைச்சாங்க, வெளியிலிருந்து கரண்ட் வந்துச்சு. பொதுச் சந்தையோட மிகப்பெரிய பலன் இது: பஞ்ச காலத்துல விளக்கு அணையாது.

அடுத்த அடி 2021-22-ல விழுந்துச்சு. 2021-ல நார்வேயிலிருந்து ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் தலா 1,400 மெகாவாட் கடலடி கேபிள் வந்துச்சு. அதே சமயம் ஐரோப்பாவுல கேஸ் விலை எகிற ஆரம்பிச்சு, 2022-ல உக்ரைன் போரோட உச்சத்துக்குப் போச்சு. கேபிள்கள் இருக்கிற தெற்கு நார்வேயில கரண்ட் விலை ஐரோப்பாவோட சேர்ந்து ஏறுச்சு. வடக்கு நார்வேயில ஏறலை. காரணம், வடக்கையும் தெற்கையும் இணைக்கிற லைன் சின்னது. நார்வே அஞ்சு விலை மண்டலமாப் பிரிஞ்சிருக்கு. ஒரே நாடு, ஒரே நாள், தெற்குல விலை பல மடங்கு. குளிருக்கு ஹீட்டரைக் கரண்ட்ல ஓட்டுற ஊர்ல இது எப்பேர்ப்பட்ட அடின்னு யோசிச்சுப் பாருங்க.

அங்கதான் நம்ம கணக்குப் புத்தகத்தோட அடுத்த பக்கம் வேலைக்கு வந்துச்சு. நார்வேயோட நீர்மின் திறன்ல சுமார் 90 சதவீதம் மத்திய அரசு, மாவட்டம், நகராட்சிகள் கையில இருக்கு. ஏறின விலையோட லாபம் அரசுக்கு வந்ததால, 2021 டிசம்பர்லயே வீடுகளுக்கு உதவித் திட்டம் ஆரம்பிச்சாங்க. யூனிட்டுக்கு 70 ஓரே, அதாவது அவங்க நாணயமான குரோனர்ல 70 பைசா மாதிரி, அதுக்கு மேல போற விலையில முதல்ல 55 சதவீதம், பிறகு 80, 2022 செப்டம்பர்லிருந்து 90 சதவீதத்தை அரசே ஏத்துக்கிச்சு. 2025 அக்டோபர்லிருந்து, வரி சேர்க்காம யூனிட் 40 ஓரேங்கிற நிலையான விலையை வீடுகள் தேர்ந்தெடுக்கலாம்.

அப்படியும் கோபம் முழுசா அடங்கலை. 2025 ஜனவரியில ஐரோப்பிய ஒன்றியத்தோட எரிசக்தி விதிகளை ஏத்துக்கிறதுல தகராறு வந்து, கூட்டணியிலிருந்த சென்டர் கட்சி ஆட்சியை விட்டு வெளியேறிடுச்சு. உலகத்துலயே நல்லா கட்டின மின்சந்தையிலயே, லாபத்தைப் பங்கு போடுற விஷயம் ஆட்சியையே ஆட்டிப் பார்த்திருக்கு.

நம்ம பக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கோம்?

முதல்ல வீட்டுக்குள்ள. 2013 டிசம்பர் 31 வரைக்கும் தென்னிந்திய கிரிட், நாட்டோட மத்த கிரிட்களோட முழுசா இணையலை. அன்னைக்குத்தான் ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியா இணைஞ்சுது. அதுக்கு முன்னாடி தமிழ்நாட்டுல பல மணி நேரம் பவர் கட் இருந்தது ஞாபகம் இருக்கும். வடக்குல மலிவா கரண்ட் கிடைச்சப்போகூட, இங்க கொண்டு வர லைன் பத்தலை. மின் பரிமாற்றச் சந்தையில தென் மண்டலத்துக்கு மட்டும் விலை தனியா, அதிகமா நின்னுச்சு. மேல பார்த்த சின்னக் கம்பிக் கணக்கு அப்படியே நமக்கு நடந்தது.

எல்லைக்கு வெளியே, படிப்படியா நடந்திருக்கு:

- பூட்டான்: 1980-கள்ல இந்தியாவோட 60 சதவீத மானியம், 40 சதவீதக் கடன்ல சுக்கா நீர்மின் நிலையம் கட்டப்பட்டுச்சு. 336 மெகாவாட். மிச்சக் கரண்ட் இந்தியாவுக்கு வருது. குளிர்காலத்துல ஆத்துல தண்ணி குறையும்போது பூட்டான் நம்மகிட்ட வாங்குது.
- பங்களாதேஷ்: 2013-ல பஹராம்பூர்-பேராமாரா இணைப்பு வழியா 500 மெகாவாட்ல ஆரம்பிச்சது.
- நேபாளம்: 2021 ஏப்ரல்ல ஐஇஎக்ஸ் மின் பரிமாற்றச் சந்தையில வாங்க ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் நவம்பர்ல விக்கவும் ஆரம்பிச்சாங்க. ஒரு காலத்துல பல மணி நேரம் இருட்டுல கிடந்த நாடு அது. 2024 ஜனவரியில, பத்து வருஷத்துல 10,000 மெகாவாட் இந்தியாவுக்கு விக்க ஒப்பந்தம் போட்டாங்க.
- மூணு நாடு: 2024 அக்டோபர் 3-ம் தேதி நேபாளம், இந்தியா, பங்களாதேஷ் சேர்ந்து கையெழுத்து. நேபாளக் கரண்ட் 40 மெகாவாட், யூனிட் 6.4 அமெரிக்க சென்ட், இந்திய லைன் வழியா, ஜூன் பாதியிலிருந்து நவம்பர் பாதி வரைக்கும்.

40 மெகாவாட் ரொம்பச் சின்ன அளவு. ஆனா, நடுவுல இருக்கிற நாடு தன்னோட லைனை மத்த ரெண்டு பேரோட வியாபாரத்துக்குத் திறந்துவிட்டது அதுதான் முதல் தடவை. பொதுச் சந்தைக்கு அடித்தளம் அதுதான்.

இன்னும் ஒரே விலை, ஒரே ஏலம்ங்கிற கட்டத்துக்கு வரலை. நேபாளத்தோட ஒவ்வொரு நிலையத்துக்கும் இந்திய அனுமதி தனித்தனியா வேணும், சீனப் பங்களிப்பு இருக்கிற நிலையத்தோட கரண்டை இந்தியா வாங்குறதில்லை. சார்க் நாடுகள் 2014-ல காத்மாண்டுல மின்சார ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டாலும், நடந்ததெல்லாம் ரெண்டு ரெண்டு நாடாப் பேசி நடந்ததுதான். மதுரையிலிருந்து அனுராதபுரத்துக்கு லைன் போடுற பேச்சும் ரொம்ப வருஷமா இருக்கு. 2025 ஏப்ரல்ல இந்தியாவும் இலங்கையும் மின் இணைப்புக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்காங்க.

இதுல ஒரு சிஏவா நான் முதல்ல பார்க்குறது வசூல். ஜார்க்கண்ட்ல கொட்டாவுல இருக்கிற அதானியோட 1,600 மெகாவாட் நிலையம் பங்களாதேஷுக்காகவே கட்டினது. 2024-ல 80 கோடி டாலருக்கு மேல பாக்கின்னு கம்பெனி சொல்லி, சப்ளையை ஏறக்குறைய பாதியாக் குறைச்சுது. ஒரே வாடிக்கையாளரை நம்பின பிசினஸ் அப்படித்தான். அந்த வருஷம் ஆகஸ்ட்லயே, இந்த மாதிரி நிலையங்கள் தேவைப்பட்டா உள்நாட்டுலயும் விக்கலாம்னு இந்திய அரசு விதியை மாத்தியிருந்தது. பொதுச் சந்தையில இந்தச் சிக்கல் குறையும். வாங்குறவர், விக்கிறவர் ரெண்டு பேருக்கும் நடுவுல சந்தை அமைப்பு நின்னு, முன்கூட்டியே பணமோ உத்தரவாதமோ வாங்கி வச்சிடும்.

சரி, உங்களுக்கு இதுல என்ன?

முதல் விஷயம், கரண்ட் பில். தமிழ்நாட்டுல வீட்டுக் கட்டணத்தை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு பண்ணுது. நார்வே மாதிரி மணிக்கு மணி சந்தை விலை உங்க வீட்டுக்கு வராது. இந்தியக் கரண்ட்ல பெரும்பகுதி நீண்டகால ஒப்பந்தத்துல போகுது, பரிமாற்றச் சந்தையில நடக்கிறது சின்னப் பங்குதான். பங்களாதேஷுக்குப் போற கரண்டால உங்க வீட்டுல நாளைக்கே பில் ஏறாது. அதே மாதிரி, நேபாளத்துலிருந்து வர்ற மழைக்காலக் கரண்டால நாளைக்கே இறங்கவும் இறங்காது.

ரெண்டாவது, பங்கு. "அண்டை நாடுகளோட மின் வர்த்தகம் வளருது, அதனால இந்தப் பங்கு ஏறும்"னு யாராவது சொன்னா நிதானமாக் கேளுங்க. 2025 ஜூலையில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மார்க்கெட் கப்ளிங்குக்குச் சம்மதம் சொன்னதும், ஐஇஎக்ஸ் பங்கு ஒரே நாள்ல கால்வாசிக்கும் மேல விழுந்துச்சு. கப்ளிங்ன்னா, பல பரிமாற்றச் சந்தைகள்ல வர்ற ஏலங்களை ஒண்ணாச் சேர்த்து ஒரே விலை கண்டுபிடிக்கிறது. ஐரோப்பிய நாடுகள் தங்களோட சந்தைகளை இணைச்சதும் இதே வழியிலதான். சந்தை பெரிசானா அதை நடத்துற கம்பெனிக்கும் லாபம்னு எந்தக் கட்டாயமும் இல்ல. விலை கண்டுபிடிக்கிற வேலை பொதுவாயிட்டா, அந்த வேலையில ஏகபோகமா இருந்தவருக்கு அது அடிதான்.

மூணாவது, ரொம்ப முக்கியம்: ஃபியூச்சர்ஸ். 2025 ஜூலையிலிருந்து எம்சிஎக்ஸ், என்எஸ்இ ரெண்டுலயும் மின்சார ஃபியூச்சர்ஸ் வந்திருக்கு. ஒரு லாட் 50 மெகாவாட் மணி, அதாவது 50,000 யூனிட். விலை யூனிட்டுக்கு 50 பைசா உங்களுக்கு எதிரா நகர்ந்தா ₹25,000 போச்சு. மாசம் ₹50,000 சம்பளம் வாங்குறவருக்கு அது பாதிச் சம்பளம். கரண்ட் விலையில 50 பைசா பெரிய விஷயமே இல்ல. மதியம் சூரிய மின்சாரம் கொட்டும்போது ஒரு விலை, சாயங்காலம் வேற விலை. மாதாந்திர சராசரியிலதான் கணக்கு முடியுதுன்னாலும் ஆட்டம் ஆட்டம்தான்.

நார்வேயில ஐனார் ஆஸ்ன்னு ஒரு வியாபாரி. மின் வர்த்தகத்துல பெரும் பணம் சம்பாதிச்சவர். நார்டிக் விலைக்கும் ஜெர்மன் விலைக்கும் இருக்கிற வித்தியாசம் குறையும்னு பந்தயம் கட்டினார். 2018 செப்டம்பர்ல அது தலைகீழா விரிஞ்சுது. அவரோட டெபாசிட் முழுசும் போனது மட்டுமில்ல, நாஸ்டாக் க்ளியரிங்ல மத்த உறுப்பினர்கள் போட்டு வச்சிருந்த பாதுகாப்பு நிதியிலிருந்தும் 10 கோடி யூரோவுக்கு மேல கரைஞ்சு போச்சு. அணையில எவ்வளவு தண்ணி, காத்து எப்படி, கேஸ் விலை என்னன்னு நாள் முழுக்க அதையே பார்த்துக்கிட்டு இருந்தவருக்கே அந்த நிலைமை. ஆபீஸ் லஞ்ச் பிரேக்ல மொபைல்ல பார்க்குற நமக்கு இது வேண்டாம். இந்த கான்ட்ராக்ட் தொழிற்சாலைகளும் மின் நிலையங்களும் தங்களோட விலையைப் பாதுகாத்துக்கிறதுக்காக வந்தது. (இது கல்வி நோக்கத்துக்கான பதிவு, முதலீட்டுப் பரிந்துரை இல்ல.)

நாலு வரி, ஒரு காகிதம்

அடுத்த முறை "வரலாற்றுச் சிறப்புமிக்க மின் ஒப்பந்தம், இரு நாடுகளுக்கும் பயன்"னு செய்தி வந்தா, ஒரு காகிதத்துல நாலு வரி போடுங்க: விக்கிற நாட்டு மக்கள், விக்கிற நாட்டு மின் நிலையம், வாங்குற நாட்டு மக்கள், வாங்குற நாட்டு மின் நிலையம். ஒவ்வொண்ணுக்கும் நேரா கூட்டலா கழித்தலான்னு எழுதுங்க. அப்புறம் மூணு கேள்வி கேளுங்க. லாபம் பார்க்குற நிலையம் யாருக்குச் சொந்தம்? கம்பி யார் கையில? பணம் வரலைன்னா யார் பொறுப்பு?

பவர் கட் பத்திக் கேட்ட அந்தக் கேள்விக்கும் பதில் இதுக்குள்ளயே இருக்கு. கரண்ட் விக்கிறதும் வாங்குறதும் ஒரே கம்பிதான். 2013-க்கு முன்னாடி அந்தக் கம்பி இல்லாம இருட்டுல உட்கார்ந்திருந்தது நாமதான். கம்பி வேணும். அதோட வர்ற லாபத்துல நம்ம பங்கு எங்க போகுதுன்னு கேக்குற உரிமையும் வேணும்.

இந்த நாலு வரிக் கணக்கை வெங்காய ஏற்றுமதிக்கும் போட்டுப் பாருங்க, அப்படியே பொருந்தும். அடுத்த பதிவுல சந்திப்போம்.